உப்புக் கோட்டையில் மழை பெய்தால்

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் போடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். ஆங்கில மிஷின் பதினொன்று, தமிழ் மிஷின் இரண்டு. தமிழ் படிக்க ஆள் குறைவு என்பதால் அந்த இரண்டில் ஒன்று எப்போதும் உறை போட்டபடியே கிடக்கும். மத்தியானம் வகுப்பில்லாத நேரத்தில் உறையைக் கழற்றிவிட்டு நான் பூதங்களையும் மந்திரவாதிகளையும் அடித்துக்கொண்டிருப்பேன். டைப் அடிப்பதைச் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு சிறுவர் மாத இதழில் என் மாயாஜாலத் தொடர் எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தது. கதை நன்றாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்களா, தாள் அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்களா என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. மலைகளுக்கு நடுவே உப்பால் கட்டிய ஒரு கோட்டை. அதற்கு ஏழு மதில்கள். உள்ளே ஒரு மந்திரவாதி. ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி பாடினால் மேகம் திரண்டு வரும். அவளை மந்திரவாதி தூக்கிப்போய் அடைத்துவிடுகிறான். அவளுடைய அண்ணன் மீட்கப் புறப்படுகிறான். எதற்காகத் தூக்கிப் போனான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மந்திரவாதி என்றால் பெண்ணைத் தூக்கிப் போவான், அவ்வளவுதான்.

உப்புக் கோட்டை என்ற எண்ணம் எனக்கு வந்தது வீட்டுக்காரரால். அவர் பஸ் கண்டக்டர். போடியிலிருந்து உப்புக்கோட்டை, மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர் போகிற வண்டியில் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்த வண்டியில் போனபோது, "உப்புக்கோட்டையெல்லாம் எறங்கு" என்று அவர் குரல் கொடுத்தார். இறங்கியவர்கள் வெங்காய மூட்டையும் கோழியுமாக இறங்கினார்கள். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வயல், தென்னை, ஒரு டீக்கடை. கோட்டையும் இல்லை, உப்பும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. இவ்வளவு நல்ல பெயர் வீணாகக் கிடக்கிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் அவர் என் கதையில் ஒரு வரி படித்ததில்லை. வெறுப்பெல்லாம் கிடையாது. நாள் முழுக்க எழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் காகிதத்தைப் பார்க்கப் பிடிக்காது. அவ்வளவே.

ஆடி மாதம் தொடங்கி நாலைந்து நாளில் ஒரு கடிதம் வந்தது. தேனியில் உரக்கடை வைத்திருக்கிற ஒருவர் எழுதியிருந்தார். மாயக்கதை எழுதுகிறவர்கள், அதற்குப் படம் வரைகிறவர்கள், அதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இரண்டு நாள் கூடிப் பேச வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசையாம். கல்யாண மண்டபம் பிடித்தாகிவிட்டதாம். "தாங்கள் தவறாது வருகை தந்து தங்கள் தொடர் பற்றி வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்" என்று முடித்திருந்தார். மேலே "திரு" என்று போட்டிருந்தது. நான் என் முதலெழுத்தோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வேறொரு பெயரில் எழுதி வந்ததால் ஆண் என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"ரெண்டு நாளா? பேய்க்கதைக்கெல்லாம் மாநாடு போடுறாகளா?"

"பேய்க்கதை இல்லீங்க. மாயக்கதை."

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

"பேய்க்கதைல பயப்படணும். மாயக்கதைல ஆச்சரியப்படணும்."

"நான் டிக்கெட் கேக்க வர்றப்ப நாலஞ்சு பேரு மாயமா மறைஞ்சு போறாக. அதையும் எழுது" என்றார். பிறகு, "தனியாப் போக வேண்டாம். நானும் லீவு போட்டு வர்றேன். தங்கச்சி வீட்டுல தங்கிக்கலாம்" என்றார். அவருடைய தங்கை தேனியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

ஆடியில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. மேற்கு மலையைத் தாண்டி இறங்குகிற காற்று, கொடியில் காய்கிற வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். கூடவே முகத்தில் ஊசி ஊசியாகச் சாரல். அந்தக் காற்றில் நான் சீவிய தலையும் அவர் வெளுத்த சட்டையும் பஸ்ஸை விட்டு இறங்கி மண்டபம் போவதற்குள் ஒரு வழியாகிவிட்டன.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் மண்டபம் சும்மா கிடைத்திருக்கிறது. வாசலில் வாழை மரம் கட்டி, "மாயக்கதை அன்பர்களே வருக" என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் துணி சுருண்டு "மாய... வருக" என்று மட்டும் தெரிந்தது. உரக்கடைக்காரர், ஐம்பது வயது, வெள்ளை ஜிப்பா, கையில் ரோஜா மாலையோடு நின்றவர், எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய் வீட்டுக்காரரின் கழுத்தில் மாலையைப் போட்டார்.

"வாங்கய்யா வாங்க! அந்த உப்புக்கோட்டைக்குள்ள நேராப் போயிட்டு வந்தாப்புல எழுதியிருக்கீகளே!"

"தெனமும் நாலு நடை போயிட்டு வர்றேன் அண்ணாச்சி" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

அண்ணாச்சி மெய்சிலிர்த்துப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எழுத்தாளர் கற்பனையில் தினமும் நாலு தடவை போகிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கியது.

"அய்யய்யோ, எழுதுறது நான் இல்லண்ணாச்சி. இந்தா, இவதான்."

சொன்னதோடு நிற்காமல், கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். கல்யாண மண்டபம், வாழை மரம், மாலை மாற்றுகிற ஆணும் பெண்ணும். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு பெண்கள் பழக்கத்தில் குலவை போட்டுவிட்டார்கள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. மாயக்கதை உலகத்தில் என் முதல் பிரவேசம் அப்படி அமைந்தது.

அறுபது எழுபது பேர் இருந்தோம். சென்னையிலிருந்து ஒரு பெரிய எழுத்தாளர் வந்திருந்தார். மாயக்கதை மட்டுமே ஏகப்பட்டது எழுதியவர். அவரை மேடையில் மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு மெத்தை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெண்ணுக்கான நாற்காலி காலியாக இருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை என் கண் அந்தக் காலி நாற்காலிக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் மாயக்கதையின் தோற்றம், வளர்ச்சி என்று பேசினார். எனக்கு அதில் அநேகமாக ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் இறங்கப் போகிற நேரத்தில், தண்ணீர் குடித்துக்கொண்டே, யாரோ கேட்டதற்குப் பதிலாக ஒன்று சொன்னார்: "கதைக்குள் நூறு பூதத்தை விடாதீர்கள். ஒரு பூதத்தை விடுங்கள். ஆனால் அதற்குப் பசிக்கட்டும்." அந்த ஒரு வாக்கியத்தை நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். நோட்டு பையில் இருந்தது. எடுப்பதற்குள் மறந்துவிடுமோ என்ற பயம்.

அவருக்குப் பிறகு மதுரையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர். சினிமா பேனரும் கடை போர்டும் எழுதிக்கொண்டே கதைகளுக்குப் படம் வரைகிறவர். அவர் பேச வரவில்லை, சண்டை போடத்தான் வந்திருந்தார்.

"சொல்ல முடியாத பயங்கர உருவம்னு எழுதிட்டுப் போயிர்றீக. வர்ணிக்க முடியாத அழகுன்னு எழுதிட்டுப் போயிர்றீக. நீங்க சொல்ல முடியாததை நான் எப்பிடிய்யா வரையுறது? கொம்பு இருக்கா, இல்லையா? காது எங்கன இருக்கு? அதையாச்சும் சொல்லுங்க!"

மண்டபம் சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்தது. என் மந்திரவாதியை நான் அறிமுகப்படுத்திய வாக்கியமே "சொல்லில் அடங்காத கொடூரத் தோற்றம் கொண்டவன்" என்பதுதான். தோற்றம் சொல்லில் அடங்காமல் இல்லை. அவன் எப்படி இருப்பான் என்று எனக்கே தெரியாது. அதை மறைக்கத்தான் அந்த வாக்கியம். இதை ஓவியர் கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் வியர்வைக்குக் காரணம். அன்றிலிருந்து இன்றுவரை 'சொல்ல முடியாத' என்று எழுத வந்தால் கையை எடுத்துவிட்டு, காது எங்கே இருக்கிறது என்று யோசிக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு கல்யாணச் சாப்பாடேதான். அண்ணாச்சி கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். பிறகு இலை விழுந்தது. சமையல்காரருக்கு வேறு விதமாகச் சமைக்கத் தெரியாது போலிருக்கிறது. இரண்டு பாயசம், அப்பளம், வடை. வீட்டுக்காரர் ஓவியரோடு ஒட்டிக்கொண்டு, பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே மூன்று முறை சாதம் வாங்கினார். சாப்பிட்டு முடித்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

மாலையில் என் முறை. ஒரு அத்தியாயம் வாசித்தேன். கைதட்டினார்கள். "கேள்வி உண்டுமா?" என்றார் அண்ணாச்சி.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். முப்பது வயது இருக்கும். நீலச் சேலை. அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கமிருந்து வந்த வாசனையிலேயே எங்கள் ஊர்க்காரர்கள் என்று தெரிந்துவிட்டது. ஏலக்காய் வாசனை.

"அக்கா, நாங்க போடில ஏலக்காயத் தரம் பிரிச்சுப் பொறுக்குறவுக. எங்கள்ல எனக்குத்தான் தடங்கலில்லாமப் படிக்க வரும். புஸ்தகம் வந்ததும் நான் சத்தமா வாசிப்பேன், இவுக வேலை பாத்துக்கிட்டே கேப்பாக. எங்க எல்லாருக்கும் ஒரு சந்தேகம். கேக்கலாமாக்கா?"

என் கதையை யாரோ சத்தமாக வாசிக்கிறார்கள், ஒரு கொட்டகை நிறையப் பெண்கள் கேட்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கேளுங்க, கேளுங்க."

"கோட்டை முழுக்க உப்புத்தான?"

"ஆமா."

"கல்லு, சுண்ணாம்பு எதுவும் கலக்கல?"

"ஒண்ணும் இல்ல. வெறும் உப்பு."

"அப்ப, அஞ்சாவது மாசத்துல அந்த அண்ணங்காரன் மதில்ல ஏறும்போது விடிய விடிய மழை கொட்டுச்சுன்னு எழுதியிருந்தீக. கோட்டை ஏங்க்கா கரையல?"

அந்த நேரம் பார்த்து வெளியே தகரக் கொட்டகை மேல் சாரல் படபடவென்று விழுந்தது. மழை எதற்கு வைத்தேன்? அண்ணன் கஷ்டப்பட்டு ஏறுகிறான், மழை பெய்தால் இன்னும் பரிதாபமாக இருக்கும் என்று வைத்தேன். உப்பு என்பது எனக்கு அந்த நிமிஷம் ஒரு வெள்ளை நிறம் மட்டும்தான்.

"அது வந்து... மாய உப்பு" என்றேன்.

கூட்டம் "ஓ" என்று முனகியது. அந்தப் பெண் உட்காரவில்லை.

"மாயம்னு சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிருமாக்கா? அப்ப அவன் ஏன் கையெல்லாம் ரத்தமா ஏறுறான்? அவனும் மாயமா உள்ள போயிர வேண்டியதுதான? அவன் கையி எரியுதுன்னு நாங்க அழுதோம்க்கா."

புண்பட்ட கை உப்பில் பட்டு எரிந்தது என்று நான் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் உப்பு உப்பாக இருந்திருக்கிறது. மழையில் மட்டும் உப்பாக இல்லை. அவள் கேட்பது நியாயம்தான்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி உட்கார்ந்தபடியே, "மதிலு ஏழுன்னு மொதல்ல சொன்னாக. போன மாசம் அவன் ஆறத் தாண்டுனதும் உள்ள போயிட்டான். அதையும் கேளு" என்று அவள் இடுப்பில் இடித்தாள்.

அது எனக்குத் தெரியவே தெரியாது. எண்ணிக்கை தப்பிவிட்டிருக்கிறது.

சிவப்பு நாற்காலியிலிருந்து சென்னை எழுத்தாளர், "உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது!" என்று பழமொழியை எடுத்துவிட, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் என் காது சுட்டது. அண்ணாச்சிதான் காப்பாற்றினார். "அக்கா ராத்திரி யோசிச்சு நாளைக்குக் காலைல பதில் சொல்லுவாக. எல்லாரும் கட்டாயம் வந்துருங்க" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "என்னா புள்ள, மொகம் இப்பிடி இருக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நல்ல கேள்வியாத்தான கேட்டிருக்காக" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பஜார் வழியாக அவருக்கு நாலு எட்டு முன்னால் நடந்தேன்.

அப்போதெல்லாம் மளிகைக் கடைக்காரர்கள் உப்பு மூட்டையை மட்டும் கடைக்கு வெளியே தெருவோரத்தில்தான் போட்டு வைப்பார்கள். ஒரு கடை வாசலில் அப்படி மூன்று மூட்டை நின்றது. மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. சாரல் மூட்டை மேலேயே விழுந்தது. நான் நின்றுவிட்டேன்.

"இத ஏன் வெளிய போட்டிருக்கீக? மழைல கரையாதா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"உப்ப எவன் தூக்கிட்டுப் போவான்? உள்ள வச்சாத்தான் தொந்தரவு. பக்கத்துல இருக்க சரக்கெல்லாம் நமுத்துப் போகும்."

"அப்ப மழை?"

"கரையும்தான். ஒரேயடியாப் போகாது. மேலாப்புல கரைஞ்சு, வெயிலடிச்சா கல்லாட்டம் இறுகிக்கிரும். மூட்டை கொஞ்சம் எளைச்சுப் போகும்." அவர் வெளியே வந்து மூட்டையில் கை வைத்தார். "ஆனா ஒண்ணுங்க. மழை வர்றதுக்கு மொத நாளே இது வேர்த்துரும். வானத்துல ஒரு மேகம் இருக்காது. மூட்டை நசநசன்னு ஆயிரும். நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் மொளகாயக் காயப்போடச் சொல்லுவேன்."

நானும் கை வைத்தேன். சாக்கு ஈரமாக, குளிர்ச்சியாக, உயிருள்ள எதையோ தொட்டது போல இருந்தது. மழை வரும் முன்னே கோட்டை முழுக்க வேர்க்கிறது. காவல்காரர்கள் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே ஒருவனுக்குத் தூக்கம் வருவதில்லை.

பின்னால் வீட்டுக்காரர் சொன்னார்: "மேகத்தப் பாத்தாலே ஒன் மந்திரவாதிக்குக் குலை நடுங்கும் போலயே."

நான் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுபஜாரில். "அதாங்க! அதுக்குத்தான் அவளப் பிடிச்சு வச்சிருக்கான்! அவ பாடினா மழை வருது. அவன் கோட்டை உப்பு. அவனுக்குப் பசி இல்லீங்க, பயம்!"

"எவளப் பிடிச்சு வச்சிருக்கான்?" என்றார் அவர். பாவம், கதை படிக்காதவர். கடைக்காரர் நாங்கள் இரண்டு பேரும் சரியான நிலையில்தான் இருக்கிறோமா என்பதுபோல் பார்த்தார்.

நாத்தனார் வீட்டுக்குப் போனதும் அவர் செய்த காரியம் எனக்கு இன்றும் ஆச்சரியம். பையிலிருந்த எட்டு இதழையும் எடுத்து வைத்துக்கொண்டு, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் வரிசையாகப் படித்தார். அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டே நாத்தனார் என்னிடம், "எங்கண்ணன் பரிச்சைக்குக்கூட இப்பிடிப் படிச்சதில்ல மதினி" என்றாள். படித்து முடித்துவிட்டு, "இந்தா, இங்கன வா" என்று கூப்பிட்டார்.

"மொத மாசம் மதிலு ஏழு. சரியா?"

"சரி."

"அஞ்சாம் மாசம் மழை. எட்டாம் மாசம் ஆறு. ஏழு பேரு ஏறுனாக, இப்ப வண்டில ஆறு பேருதான் இருக்காக. அப்ப நடுவுல ஒரு ஸ்டாப்புல ஒருத்தர் எறங்கிட்டாகன்னுதான அர்த்தம்? வெளி மதில் மழைல கரைஞ்சு போச்சு. கணக்கு நேரா வருதே!"

என்னுடைய இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியாகிவிட்டது.

அவர் அதோடு விடவில்லை. "அது இருக்கட்டும். ஒன் கதைல மயிலாடும் பாறைலருந்து காலைல கிளம்புன அண்ணங்காரன் மத்தியானத்துக்குள்ள நாலு மலை தாண்டி எப்பிடி வந்தான்? எங்க டிரைவர் பஸ்ஸ மலைல ஓட்டினாலும் முடியாது" என்று ஆரம்பித்து, ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கம் என் நாட்டுக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தார். பாறையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து முதல் மலை, எங்கே சாப்பாட்டுக்கு நிற்பது, எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. அண்ணன் கோட்டைக்கு வந்துசேர மூன்றரை நாள் ஆகிறது. அதைப் பார்த்தபோதுதான் அவனுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், வழியில் யாரிடமாவது பேசியிருப்பான் என்றெல்லாம் எனக்குத் தோன்றியது. மூன்றரை நாளையும் நான் ஒரே வரியில் தாண்டியிருந்தேன்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. முந்தின நாள் வராதவர்கள்கூட, கோட்டை கரைந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். மேடைக்குப் போகும்போது எனக்கு ஒரு சபலம். எல்லாம் நான் ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டு எழுதியதுதான், நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஓவியர் அசந்து போவார். சென்னைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார்.

நீலச் சேலைக்காரி இன்று பச்சைச் சேலையில் முதல் வரிசையில் இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். என் அண்ணன்காரனுக்காக அழுதவள். அவளிடம் என்னால் புளுக முடியவில்லை.

"மழை என் தப்பு. மதில் எண்ணிக்கையும் என் தப்பு. நேத்து நீங்க கேக்குற வரைக்கும் எனக்கு ரெண்டுமே தெரியாது" என்று ஆரம்பித்தேன். கூட்டம் சிரித்தது, சிலர் கைதட்டினார்கள். பிறகு சொன்னேன். கோட்டை கரைந்தது. அன்றைக்குச் சிறைக்குள் அவள் தன்னை மறந்து முனகியிருக்கிறாள், அதனால்தான் மழை. வெளி மதில் விடிவதற்குள் போய்விட்டது. அண்ணன் ஏறியது அதற்கு அடுத்த மதில், அவன் இறங்கும்போது அதிலும் பாதிதான் இருந்தது. அடுத்த மழைக்கு முதல் நாள் கோட்டை முழுக்க வேர்க்கும். அவளைத் தூக்கிப் போனதே இதற்காகத்தான். மந்திரவாதிக்கு வேண்டியது அவள் இல்லை, அவள் வாய் திறக்காமல் இருப்பது.

கடைசி வாக்கியம் நான் யோசித்து வைத்தது இல்லை. வாயில் வந்துவிட்டது. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. பச்சைச் சேலைக்காரி திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தாள். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் எழுந்து, "இப்பச் சரிக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அதற்குப் பிறகு பரிசெல்லாம் கிடைத்திருக்கிறது. எதுவும் அந்த "இப்பச் சரிக்கா" அளவுக்கு இனித்ததில்லை.

ஓவியர் அதற்குள் மேடைக்கே வந்துவிட்டார். "வேர்க்குற கோட்டை! இத வரையலாம்யா, இத வரையலாம்!" என்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிய்த்து, அதன் பின்பக்கம் கரிக்கட்டையால் எல்லோர் முன்னாலும் வரைந்தார். சுவர் வழியே கோடு கோடாக வியர்வை. ஒரு காவல்காரன் சுவரில் கன்னத்தை வைத்துக் கேட்கிறான். என் கதையை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரர் தன் கால அட்டவணையை எடுத்துக் காட்ட, அது கைமாறிக் கைமாறி மண்டபம் முழுக்கப் போய், பாயசக் கறையோடு திரும்பி வந்தது. சென்னை எழுத்தாளர் அதைத் தன் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டார் என்பதை இங்கே நான் பதிவு செய்ய வேண்டும்.

மாநாட்டுக்குப் பிறகு தொடர் இன்னும் ஆறு மாதத்தில் முடிவதாக இருந்தது. பதினொரு மாதம் போயிற்று. சேர்ந்ததெல்லாம் அண்ணன் நடந்த வழியும், மந்திரவாதியின் பயமும்தான். காது எங்கே என்று யோசித்ததில் அவனுக்கு ஒரு முகம் கிடைத்தது. எப்போதும் மேற்கே பார்த்துப் பார்த்துக் கழுத்து ஒருபக்கமாகத் திரும்பிப்போன ஒரு மனிதன். கடைசி அத்தியாயத்தில் அவன் கரைந்த கோட்டைக்கு நடுவே நனைந்துகொண்டு நின்றபோது, டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

அந்த இதழ் வந்த அன்று ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் என்னைத் தங்கள் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியான ஓய்வில் போனேன். சாக்கை விரித்து எனக்கும் இடம் கொடுத்தார்கள். முன்னால் ஒரு குவியல். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. மண்டபத்தில் என்னைக் கேள்வி கேட்டவள் இதழைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். நான் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். நல்ல குரல். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். ஓர் இடத்தில் என் கை நின்றது. கடைசி நாள் விடிவதைப் பற்றி நான் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அந்த அத்தியாயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். அவள் அதை வாசிக்கவே இல்லை. அப்படியே தாண்டி, "கோட்டை வேர்த்தது" என்ற வரிக்குப் போய்விட்டாள்.

முடிந்ததும் கேட்டேன். "நடுவுல ஒரு பத்தி விட்டுட்டீக போல?"

அவளுக்குக் கொஞ்சம் வெட்கம். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"விடியிறதா? அத எப்பவும் விட்டுருவேங்க்கா. நாங்க எல்லாரும் தெனமும் விடியிறதுக்கு முன்னாடியே எந்திரிக்கிறவுகதான. எங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப, இதுவரைக்கும் எத்தன எடத்துல விட்டிருக்கீக?"

அவள் மேலே பார்த்து மனதுக்குள் எண்ணினாள். எண்ணி முடிக்கிற வழியாக இல்லை. பக்கத்திலிருந்தவள் என் முன்னாலிருந்த குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அக்கா, பேசிக்கிட்டே வெடிச்சதையும் பச்சையில போட்டுட்டீக" என்றாள். நான் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, முதலிலிருந்து பொறுக்க ஆரம்பித்தேன்.